மூன்றாம் மாடிச் சிப்பி

எங்கள் குடியிருப்பில் யாருக்கு எந்தக் காகிதம் தேவைப்பட்டாலும் முதலில் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். பட்டா மாற்றம், மின் இணைப்பில் பெயர் மாற்றம், வாரிசுச் சான்றிதழ், இறந்துபோன மாமனாரின் வங்கிக் கணக்கு, எல்லாம் என்னிடம் வரும். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வேலைக்கும் ஒரு நடைமுறை உண்டு, அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் அங்கே நான் கற்றுக்கொண்டது. வெள்ளானூரில் வீடு வாங்கி வந்த பிறகு, அதைப் படிக்கிறவன் ஒருவன் முதல் மாடியில் இருக்கிறான் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது.

அதனால் மூன்றாம் மாடி இளைஞர் மணியடித்தபோது, பாஸ்போர்ட் விவகாரமாக இருக்கும் என்று நினைத்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை. மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். இவரை நிறுவனம் சில மாதங்களுக்கு வெளிநாடு அனுப்புகிறது. விஷயம் அதுதான், ஆனால் அவர் நீட்டியது காகிதம் அல்ல, வீட்டுச் சாவி.

"சார், மேல மீன் தொட்டி ஒண்ணு இருக்குதுங்க. தெனமும் ஒருக்கா பாத்துக்கிட்டாப் போதுங்க."

இத்தனை பேர் இருக்க நான் ஏன் என்று கேட்டேன். சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் சொன்னார்களாம். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவர் போன பிறகு என் மனைவி அதற்கு வேறு பொருள் சொன்னாள். வேலையற்றவர் என்பதைக் கோயம்புத்தூரில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள் என்றாள்.

மீன் தொட்டி என்று அவர் சொன்னது, தாஜ்மகாலைக் கல்லறை என்று சொல்வது போன்றது. ஒரு சுவர் நீளத்துக்கு உப்புநீர்த் தொட்டி, மேலே நீல விளக்குகள், கீழே ஓயாமல் முனகும் குழாய்களும் மோட்டார்களும், தண்ணீரைக் குளிர வைக்க ஒரு தனி இயந்திரம். வெயில் காலத்தில் எங்கள் வீட்டு மனிதர்களுக்கே அந்த வசதி கிடையாது. உள்ளே மீன் என்று பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு. மற்ற ஏற்பாடெல்லாம் நடுவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்த சிப்பிக்காக.

இராட்சதச் சிப்பி என்று சொன்னார். இதுவரை ஒரு சாண் நீளம்தான் வளர்ந்திருந்தது. ஓடு காரை உதிர்ந்த சுவர் மாதிரி சொரசொரப்பு, விளிம்பு மட்டும் அலை அலையாக வளைந்திருந்தது. ஆனால் திறந்திருந்த வாய் நெடுக சதை பிதுங்கி வெளியே வழிந்தது. மயில் கழுத்தின் நீலம், அதில் பச்சைப் புள்ளிகள், ஓரத்தில் ஒரு கருப்புக் கோடு. என் மனைவி கண்ணாடியருகே போய் வெகுநேரம் நின்றாள்.

"இந்தக் கலர்ல ஒரு பட்டுப் பொடவைக்கு எத்தனை கடை ஏறி எறங்கினோம்" என்றாள்.

அவள் நிழல் விழுந்ததும் சிப்பி சட்டென்று வாயைச் சுருக்கிக்கொண்டது. அந்தச் சதை விளிம்பில் பொடிப் பொடியாக நூற்றுக்கணக்கான கண்கள் இருக்கின்றன என்றும், நிழல் பட்டால் மூடிக்கொள்ளும் என்றும் இளைஞர் விளக்கினார். அது மூடினால் நலமாக இருக்கிறது என்று பொருள். சாப்பாடும் போட வேண்டியதில்லை. சதைக்குள்ளே குடியிருக்கும் பாசி, விளக்கு வெளிச்சத்தில் தானே சமைத்து அதற்கு ஊட்டிவிடும். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒருவர் நம் வீட்டில் வாய்த்திருந்தால் எவ்வளவோ வேலை மிச்சம் என்று அவள் சொல்லாதது எனக்குக் கேட்டது.

அதற்கு வேண்டியவை மூன்று: வெளிச்சம், குளிர்ச்சி, மாறாத தண்ணீர். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும், அதனால் குறைகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படியும், அதெல்லாம் ஆகாது. பால்கனியில் அதற்கென்றே ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருந்தார். ஓடு வளர்வதற்கு அவ்வப்போது சுண்ணாம்பு நீர். வெற்றிலைக் கடையில் இருக்கும் அதே சுண்ணாம்புதான், டப்பாவும் விலையும்தான் வேறு. சிப்பியைச் சுட்டுத்தான் ஒருகாலத்தில் சுண்ணாம்பு செய்தார்கள் என்பதை நினைத்தால், அது தன் முன்னோரைக் குடித்து வளர்கிறது. நான் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டினேன். இளைஞர் நிம்மதியாக விமானம் ஏறினார்.

எதையும் படித்துப் பார்க்காமல் பொறுப்பேற்கிற வழக்கம் எனக்கு இல்லை. இந்தத் தடவை வரிசை மாறிவிட்டது, பொறுப்பேற்ற பிறகு படித்தேன். இதன் வளர்ப்பு முறையைத் தேடிப் போனவன், இதை வளர்க்கவே கூடாது என்கிற இடத்தில் போய் நின்றேன். புலியை வீட்டில் கட்டி வைக்கக் கூடாது என்று சொல்லும் அதே வனவிலங்குச் சட்டத்தில் இந்த இனச் சிப்பியும் இருக்கிறது. பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வைத்திருந்தவர் விமானத்தில் இருந்தார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் இறங்கிப் போயிற்று. கடையில் வெளிப்படையாகத்தானே வைத்திருந்தார்கள், ஊரே வாங்குகிறதே என்றார். விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்பதுதான் அவர் முதல் கேள்வி. சிப்பிக்கு ஏதாவது ஆகுமா என்பது இரண்டாவது. இரண்டாவதையும் கேட்டார் என்பதற்காக எனக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

அதை விற்ற கடைக்காரர்தான் மாதம் ஒரு முறை வந்து தொட்டியைக் கழுவிக் கொடுப்பவர். கொளத்தூரில் கடை. அவர் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கையைத் தொட்டிக்குள் விட்டபடியே சிரித்தார்.

"இன்னா சார் நீ, மெட்ராஸ்ல பாதி ஊட்ல இது கீது. நீ போய் கெவர்மெண்டுல சொல்லிகினு. பயமா இருந்தா எங்கைல குடு, நான் வேற பார்ட்டிக்குத் தள்ளிடறேன்."

அது மறுபடியும் விற்பனை, முதல் குற்றத்தோடு இரண்டாவது சேரும் என்றேன். அப்படியென்றால் காசிமேட்டில் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடலாம், வந்த இடத்துக்கே போகட்டும் என்றார். அது வந்த இடம் தெளிந்த பவளப்பாறைக் கடல். காசிமேட்டுக் கலங்கலில் அதற்கு வெளிச்சமே எட்டாது, பட்டினி கிடந்து சாகும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார்.

ஆக, மீதி ஒரே வழி. நாமே முன்வந்து ஒப்படைப்பது. இளைஞரிடம் சம்மதம் வாங்கி, கடிதம் எழுதி, வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி வயதில் இளையவர், பொறுமையாகக் கேட்டார். முதலில், சாப்பிடுகிற சிப்பியா என்றார். படத்தைக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பறிமுதலான கிளிகளுக்கும் நட்சத்திர ஆமைகளுக்கும் அவர்களிடம் இடம் இருந்தது, கடல் இல்லை. கடற்கரையோரம் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதுகிறேன், அவர்கள் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

"அதுவரைக்கும் உங்க பொறுப்புலயே இருக்கட்டும் சார். உயிரோட ஒப்படைச்சாப் போதும்."

கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருடப் பணியில் இப்படிப்பட்ட பொறுப்பேற்புகளில் மற்றவர்களிடம்தான் நான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பேனாவின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு காலையில் மாடியேறியதும் முதல் காரியம், தொட்டியின் மேல் கையை வீசி நிழல் போடுவது. சிப்பி மூடிக்கொள்ளும். எனக்கு மூச்சு வரும்.

வண்டி வருவதற்குள் என் கண்புரை அறுவைக்குத் தேதி வந்துவிட்டது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது, இனி தள்ளினால் மருத்துவர் என்னை மறந்துவிடுவார். அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தேன். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பவை மருத்துவர் சொன்னவை. மாடியேறக் கூடாது என்பதை என் மனைவி சேர்த்துக்கொண்டாள். தொட்டியை அவள் ஏற்றாள். நான் எழுதி ஒட்டியிருந்ததன் நகலை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் முதல் நாள் போனாள். தினமும் கீழே வந்து, வேலை ஆயிற்று, உங்கள் சிப்பி சௌக்கியம் என்று அறிக்கை கொடுத்தாள். நானும் நம்பினேன். வேறு ஒருவர் அறிக்கையாக இருந்தால் நேரில் போய்ச் சரிபார்க்காமல் விட்டிருக்க மாட்டேன்.

மாடியேற அனுமதி கிடைத்த அன்று காலை, புதுக் கண்ணில் எல்லாம் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருந்தது. மாடிப்படிச் சுவரின் அழுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. சிப்பியின் நிறத்தை இந்தக் கண்ணால் பார்க்கப் போகிறோம் என்ற ஆசையில் கொஞ்சம் வேகமாகவே ஏறினேன்.

நிறமே இல்லை. சதை உள்ளே சுருங்கிக் கிடந்தது. ஓடு மட்டும், ஆளில்லாத வீட்டுக் கதவு மாதிரி, அகலமாகத் திறந்திருந்தது. கையை வீசினேன். அசையவில்லை. இன்னொரு முறை வீசினேன். ஓர் ஓரம் மட்டும், விருப்பமில்லாமல், கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

உப்பின் அளவைப் பார்த்தேன், சரி. வெப்பம் சரி. சுண்ணாம்பு சரி. மீன் இரண்டும் எதுவுமே நடக்காதது போலச் சுற்றின. கண்ணாடியில் பாசி மேயும் நத்தைகள் அடியில் மணலில் மல்லாந்து கிடந்தன. மீன் நன்றாக இருக்கிறது, நத்தை செத்துவிட்டது, சிப்பி சாகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே ஒரு பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். இந்த வீட்டில் அது எங்கிருந்து வரும் என்று திரும்பியபோது, சமையல் மேடையில் எங்கள் வீட்டுச் செம்புக் குடம் இருந்தது. புளியும் உப்பும் போட்டுத் துலக்கி, சூரியன் மாதிரி.

"இது எப்படி இங்க வந்தது?" என்று பின்னாலேயே ஏறி வந்த மனைவியிடம் கேட்டேன்.

"நான்தான் தூக்கிட்டு வந்தேன். பின்ன அதுவா நடந்து வரும்?"

"இதுல இருந்தா ஊத்தின?"

"தெனமும். அந்த ஆர்.ஓ. தண்ணியப் புடிச்சு, ராத்திரி இதுல வெச்சு, காலைல ஊத்தினேன். வெறும் ஆர்.ஓ.ல என்ன சத்து இருக்கு? இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானே எனக்கு மூட்டு வலி கொறைஞ்சுது. அது ஓடு வளர்ற ஜீவன். அதுக்கு வேணாமா?"

அவள் சோம்பலில் செய்த குறுக்கு வழி அல்ல இது. குறுக்கு வழியாக இருந்தால் இரண்டு மாடி குடம் சுமந்திருக்க மாட்டாள். வீட்டில் இருந்த தண்ணீரில் எது உயர்ந்ததோ, நாங்கள் வெறும் வயிற்றில் குடிப்பது எதுவோ, அதை அதற்குக் கொடுத்திருக்கிறாள்.

செம்பு மீனுக்கு மருந்து, ஓட்டுயிர்களுக்கு விஷம் என்று சொன்னேன். உப்பில்லாத தண்ணீரும் துலக்கிய செம்பும் ஓர் இரவு சேர்ந்திருந்தால் செம்பு கரையும், மிகக் கொஞ்சம்தான், ஆனால் சிப்பிக்கு அது போதும் என்றேன். அவள் குடத்தைப் பார்த்தாள்.

"அப்ப நாம குடிக்கிறமே?"

"நாம சிப்பி இல்ல."

"எழுதி ஒட்டினீங்களே, இத்தாம் பெரிசா. அதுல செம்பு கூடாதுன்னு எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. மோட்டாரை ஈரக் கையால் தொடாதே என்று எழுதியிருந்தேன். சோப்புக் கையை உள்ளே விடாதே என்று எழுதியிருந்தேன். விருந்தாளிக்குக் கொடுக்கும் தண்ணீரைக் கொடுக்காதே என்று எந்தத் தொழிற்சாலை நடைமுறையிலும் நான் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணீரில் இனி அதை வைத்திருக்க முடியாது. உப்பு கலந்து புதுத் தண்ணீர் தயாரித்தால் ஒரு நாள் ஊறவிட வேண்டும், அவ்வளவு அவகாசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டேன். கடல் தண்ணீரை வடிகட்டிக் கேன்களில் விற்பது அவருடைய இன்னொரு வியாபாரம். சுமை ஆட்டோவில் கேன்களோடு வந்து சேர்ந்தார். தொட்டியைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்.

"அம்மா, நைனா படிச்ச படிப்புக்கு உன் செம்பு வெச்சிடுச்சி பாரு ஆப்பு" என்றார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "போய்டுச்சின்னா ஓட்ட எனக்குக் குடு சார். ஷோகேஸ்ல வெக்க ஆள் கீது."

ஓடும் அதே சட்டத்தில்தான் வருகிறது என்றேன். வாழும்போதும் உதவாது, செத்தாலும் உதவாது, என்ன ஜென்மமோ என்று முணுமுணுத்தபடி கேன்களை இறக்கினார். ஆனால் தண்ணீரை அவர்தான் மேலே ஏற்றிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

கோடைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலப் பிளாஸ்டிக் டிரம்மை என் மனைவி மேலே கொண்டுவந்து கவிழ்த்துக் கழுவினாள். கழுவிய தண்ணீரையெல்லாம் அந்த வீட்டுத் தரையிலேயே கொட்டிவிட்டாள், இதற்கு முன் அவள் ஒரு வாளித் தண்ணீரை வீணாக்கி நான் பார்த்ததில்லை. டிரம்மில் கடல்நீர் நிரம்பியது. மேலே விளக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம், குளிர் இயந்திரத்தின் குழாயை உள்ளே விட்டோம். இனி சிப்பியை மாற்ற வேண்டும். அது நூல் நூலாக ஏதோ சுரந்து கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், பிய்த்து எடுத்தால் சதை கிழிந்துவிடும், கல்லோடு சேர்த்துத் தூக்க வேண்டும். நான் குனியக் கூடாது. கடைக்காரர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, தோள்வரை கையை விட்டாள்.

தண்ணீருக்கு மேலே வந்ததும் சிப்பி ஓட்டை இறுக்கியது. உள்ளேயிருந்த தண்ணீர் பீய்ச்சியடித்து நேராக அவள் முகத்தில் பட்டது.

அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் இத்தனை காலம் வேலை பார்த்ததில் அந்தப் பேச்சை மறைத்து வைத்திருந்தாள்.

"இன்னா இது, மூஞ்சிலயே துப்புது" என்றாள்.

"துப்பட்டும். மூடுதில்ல?"

முகத்தைத் துடைக்காமலேயே அதை டிரம்முக்குள் இறக்கினாள். உப்புத் தண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. அதில் கொஞ்சம் வேறு தண்ணீரும் இருந்திருக்கலாம். நான் புதுக் கண்ணை நம்பிச் சாட்சி சொல்ல மாட்டேன்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. செம்புக் குடத்தை அவள் பரணில் ஏற்றிவிட்டாள். நாங்கள் பிளாஸ்டிக் ஜாடியில் இருந்து குடித்தோம், சத்தில்லை என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்காமலே காலையும் மாலையும் மாடியேறினாள். தப்பு என்று அவள் சொல்லவும் இல்லை, நான் சொல்ல வைக்கவும் இல்லை. சில நாட்கள் சிப்பி சும்மா கிடந்தது. ஒருநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து, சேலையை மாற்றாமல் நேராக மேலே போனவள், மூன்றாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து எனக்குக் குரல் கொடுத்தாள். போய்ப் பார்த்தேன். சதை ஓட்டின் விளிம்புவரை எட்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் நீலம் வெளுத்து, அரை விரல் அகலத்துக்கு வெள்ளை. அவள் டிரம்மின் மேல் கையை வீசிக் காட்டினாள். மூடியது.

"பாத்தீங்களா" என்றாள். கையை மறுபடி வீசப் போனவளை, அதற்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லி நிறுத்தினேன்.

ஆராய்ச்சி நிலையத்து வண்டி வரும் என்று முதல் நாளே தகவல் வந்தது. மறுநாள் காலை எழுந்தபோது எங்கள் வீட்டு மேஜைமேல் செம்புக் குடம் இருந்தது, துலக்கி, நிரப்பி, மேலே ஒரு தட்டு மூடி.

வந்தவர்கள் மூன்று பேர்: வனத்துறை அதிகாரி, நிலையத்திலிருந்து ஒரு பெண், ஓட்டுநர். அந்தப் பெண் டிரம்மருகே குந்தி உட்கார்ந்து, எல்லோரும் செய்வதுபோலக் கையை வீசினார். பிறகு அந்த வெள்ளைப் பகுதியை வெகுநேரம் பார்த்தார். இது எதனால் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"செம்புத் தண்ணி ஊத்திட்டேன்" என்றாள் என் மனைவி. "நல்லதுன்னு நெனச்சு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "எங்க அம்மாவும் ஊத்தியிருப்பாங்க" என்றார். "நிறம் வந்துடும்மா. டைம் எடுக்கும்."

கல்லோடு சிப்பியைப் பெட்டியில் இறக்கி, பேட்டரி காற்றுக் குழாயைப் பொருத்தினார்கள். மின்தூக்கி வழக்கம்போல ஓய்வில் இருந்ததால் பெட்டியைப் படியிலேயே இறக்கி, முதல் மாடியில் எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுக் கையெழுத்துகளை முடித்தார்கள். இளைஞர் ஊர் திரும்பியதும் நேரில் வந்து எழுதித் தர வேண்டும் என்றார் அதிகாரி. அந்தக் கடிதத்தை நான் முன்னமே தயாரித்து வைத்திருந்தேன். ஒப்புகைச் சீட்டில், சிப்பி ஒன்று, உயிருடன் என்று எழுதியிருந்தது. மூன்று முறை படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வெயிலில் பெட்டி சுமந்த ஓட்டுநர் தண்ணீர் கேட்டார். என் மனைவி குடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "செம்புத் தண்ணியா? ருசியே தனிம்மா" என்று தம்ளரை மறுபடி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து நாலடி தள்ளிப் போய், சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்று, ஒரு சொட்டும் தெறிக்காமல் அதை நிரப்பினாள்.